கண்டக்டருக்கு மாலை போட்ட கதை

என் படங்களில் கார் பறக்கும். முதல் படத்தில் லாரிக்கு மேலே ஏறிப் பறந்தது. அடுத்த படத்தில் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று லாரியையும் சேர்த்துப் பறக்கவிட்டேன். இதை வைத்து மீம் போட்டுக் கிண்டலடிப்பவர்கள் அதை எனக்கே அனுப்பியும் வைக்கிறார்கள். அனுப்பட்டுமே! திண்டிவனத்தில் முதல் நாள் முதல் காட்சியில் அந்தக் கார் மேலே கிளம்பும்போது விசிலடிக்கிற கூட்டத்துக்குத்தான் நான் படம் எடுக்கிறேன். அவர்களுக்குப் புவியீர்ப்பு விசை பற்றி எந்தப் புகாரும் இல்லை.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள். முதல் படத்தில் ரொம்பவும் சிரமப்பட்டு எடுத்த ஷாட் எது? நானும் தவறாமல் லாரி ஷாட்டைச் சொல்வேன். நான்கு கிரேன், இரண்டு ஆம்புலன்ஸ், வெயிலில் மயங்கி விழுந்த ஃபைட் மாஸ்டர் என்று கதை விடுவேன். பச்சைப் பொய். லாரி ஷாட் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. என் உயிரை வாங்கியது ஒரு போட்டோ. ஆணியடித்துச் சுவரில் மாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்ட, அசையாத ஒரு போட்டோ.

அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஜெராக்ஸ் கடையைச் சொல்ல வேண்டும்.

சென்னையில் ஒன்பது வருஷம் உதவி இயக்குநராக இருந்தேன். உதவி இயக்குநர்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. தன் கதையைத் திருடுவதற்கென்றே ஊர் உலகம் அலைகிறது என்று நினைப்பார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. கோடம்பாக்கத்தில் டைப் செய்யக் கொடுத்தால் அடுத்த வெள்ளிக்கிழமையே வேறு பெயரில் ரிலீஸாகிவிடும் என்று பயந்து, கையால் எழுதிய கதையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்குப் பக்கம். திண்டிவனத்தில் கொடுத்தால் தெரிந்தவன் எவனாவது படித்துவிடுவான் என்று விழுப்புரம் வரைக்கும் போய், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். அங்கே டைப் செய்கிற பெண் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வியாழக்கெழம வாங்க" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை வாங்கி, ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமல் சென்னைக்குப் போய்த் தயாரிப்பாளரிடம் கொடுத்தேன். மறுநாள் அவர் போன் செய்து சிரித்தார், சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தார்.

"யோவ், காமெடி ட்ராக் பிரமாதம்யா! யார் எழுதினது?"

என் கதையில் காமெடி ட்ராக்கே கிடையாது. ஓடிப்போய்ப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். கதாநாயகி கொட்டும் மழையில் ஓடிவந்து கதாநாயகன் காலில் விழும் இடத்தில், அடைப்புக்குறிக்குள், 'இப்படி எந்தப் பெண்ணும் செய்து நான் பார்த்ததில்லை' என்று இருந்தது. வில்லன் இரண்டு பக்கம் வசனம் பேசும் இடத்தில், 'அதுவரைக்கும் ஹீரோ என்ன செய்துகொண்டிருப்பார்?' என்று இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதிய பஞ்ச் டயலாக்குக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'யப்பா!'

சண்டை போடுவதற்கென்றே பஸ் ஏறி விழுப்புரம் போனேன்.

"இன்னாம்மா இதெல்லாம்?"

"டைப்பிங்ல எதுனா தப்பு இருக்குதா சார்?"

"டைப்பிங்ல ஒண்ணும் இல்ல, ஆனா..."

"அப்ப கதையிலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் ஆதார் கார்டை வாங்கி ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டாள்.

அங்கேயே கவிழ்ந்துவிட்டேன். அதற்கப்புறம் வாரம் தவறாமல் ஒரு சீனைத் திருத்திக்கொண்டு விழுப்புரம் போவேன். நல்லா இருக்கிற சீனைக்கூடத் திருத்தினேன். ஒருநாள் அவளே, "இத்தினி தடவ திருத்தறீங்களே, கதைக்காக வர்றீங்களா, எதுக்காக வர்றீங்க?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். வசனம் எழுதிப் பிழைக்கிறவன் நான், 'பக்க நம்பர் மாறிப்போச்சும்மா' என்று உளறினேன். அவள் சிரித்தாள். அப்புறம் எல்லாம் தானாக நடந்தது.

அவள் வீடு திண்டிவனம். தினமும் பஸ்ஸில் விழுப்புரம் போய் வருகிறவள். அப்பா அரசு பஸ் கண்டக்டர். அதுவும் எந்த வழித்தடத்தில்? சாட்சாத் திண்டிவனம் – விழுப்புரம். இரண்டு ஊருக்கும் நடுவில் அவர் குரலைக் கேட்காத காது கிடையாது. மாலையில் அவளுக்குத் துணையாக நானும் பஸ் ஏறுவேன் என்பதால், ஒரு முன்னெச்சரிக்கையாக அவருடைய போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தாள். வேலைக்கான அடையாள அட்டைக்கென்று எடுத்த படம். பெரிய மீசை, காக்கிச் சட்டை, சிரிப்பு என்றால் என்னவென்று கேட்கும் முகம். கீழே, 'இந்த மூஞ்சி வாசப்படியில நின்னுதுன்னா அந்த பஸ்ல ஏறாதீங்க' என்று எழுதியிருந்தாள். அந்தப் போட்டோ என் போனிலேயே தங்கிவிட்டது. இரண்டு வருஷம் அந்த மீசையைப் பார்த்தாலே பஸ் ஸ்டாண்ட் தூணுக்குப் பின்னால் பதுங்குவேன்.

தயாரிப்பாளர் ஒருவழியாகப் பூஜை போட்டார். அந்த வாரமே அவள் வீட்டில் விஷயத்தை உடைத்துவிட்டாள். புதுச்சேரியில் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவரை அவளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் அதற்கு மேலும் தள்ளிப்போட முடியவில்லை. அவள் அப்பா கத்தவில்லையாம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுச் சொன்னாராம்: "படம் எடுக்கிறானாமே, எடுக்கட்டும். நான் தியேட்டர்ல குந்தி மொத்தப் படத்தையும் பாக்கறேன். பாத்துட்டு சொல்றேன் பொண்ணு குடுக்கலாமா வேணாமான்னு. அதுவரைக்கும் வூட்ல இந்தப் பேச்சே கூடாது." அவளும் சரி என்றாளாம். ஆக, லட்சக்கணக்கான பேருக்காக எடுக்கவிருந்த படம், எனக்கு ஒரே ஒருத்தருக்காக எடுக்கிற படமாகிவிட்டது.

இப்போது போட்டோவுக்கு வருகிறேன்.

படத்தில் ஒரு சீன். ஹீரோ ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வருவான். கதவைத் திறந்தால் சுவரில் அப்பா போட்டோ, மாலையோடு. அப்பா செத்துப்போனதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். இந்த சீனை மட்டும் ஜெராக்ஸ் கடைக்காரி திருத்தவில்லை. ஏனென்றால் அது எனக்கு நடந்தது. எங்கப்பா ஊரில் கூலி வேலை செய்தவர். அவர் போனபோது நான் சென்னையில் யாரோ ஒருவருடைய படப்பிடிப்பில் கிளாப் அடித்துக்கொண்டிருந்தேன், போனை அணைத்துவைத்திருந்தேன். வந்து சேர்வதற்குள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் அந்த சீனில் கொட்டியிருந்தேன்.

திருவாமாத்தூர் பக்கம் ஒரு ஓட்டுவீட்டில் படப்பிடிப்பு. ஹீரோவுக்கு அன்று அரை நாள்தான் கால்ஷீட். மதியம் கிளம்பி விமானம் பிடிக்க வேண்டும். போட்டோவுக்கு முகம் கொடுப்பதாக இருந்த நடிகர் காலையில் போன் செய்து, "எம் பொண்டாட்டி அழுவுறாப்பா, மாலை போட்டுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடுவதென்றால் சினிமாவில் எல்லோருக்கும் உதறல்தான். பிணமாக நடித்தவர்கூட ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அப்போதுதான் தோஷம் கழியும். யாருக்கும் தோஷமில்லாமல் இருக்கட்டுமென்று கம்ப்யூட்டரில் ஒருவர் மீசை, ஒருவர் கண், இன்னொருவர் நெற்றி என்று ஒட்டி, உலகத்திலேயே இல்லாத ஒரு அப்பாவைத் தயாரித்து கிராஃபிக்ஸ்காரர்கள் அவசரமாக என் போனுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் ஒரு அண்ணன், எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். அவரிடம் போனைக் கொடுத்தேன். "அண்ணே, கேலரியில மீசை வெச்ச ஆள் ஒருத்தர் இருப்பாரு. விழுப்புரம் போய்ப் பெருசா பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் போட்டுக்கினு ஜல்தி வாங்க."

அவர் டூவீலரில் பறந்தார். நான் வெறும் ஆணியை வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஷாட். கேமரா ஹீரோவின் காலில் தொடங்கி, கூடவே வாசற்படி தாண்டி, அவன் கையோடு மேலே போய்ப் போட்டோவில் நிற்கும். வீட்டுக்குள் இடமில்லாததால் மானிட்டரை மாட்டுக் கொட்டகையில் போட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வந்துவிட்டார், மாட்டியாச்சு, மாலை போட்டாச்சு என்று வாக்கிடாக்கியில் சொன்னார்கள். ஹீரோ கடிகாரத்தைப் பார்த்தார். நான் "ஆக்‌ஷன்" என்றேன்.

இதைச் சொல்லியாக வேண்டும்: எங்கள் ஹீரோவுக்கு அழுகை வராது. கிளிசரின் போட்டால்கூட ஒரு கண்ணில்தான் வரும். அன்றைக்கு என்ன ஆனதோ, வாசற்படியில் கால் வைத்ததுமே மனிதர் உடைந்துவிட்டார். நான் எழுதிய ஒன்றரைப் பக்க வசனத்தை மறந்துவிட்டு, "நான் வந்துட்டேம்ப்பா" என்று மட்டும் சொன்னார். கொட்டகையில் என் பக்கத்தில் நின்ற மேக்கப்காரர் மூக்கை உறிஞ்சினார். கேமரா மெல்ல மேலே போனது. ஹீரோவின் கை, சாமந்தி மாலை, சின்ன சிவப்பு பல்பு, காக்கிச் சட்டை, மீசை.

அவள் அப்பா!

வாய் திறந்தது. 'கட்' என்ற ஒரு வார்த்தை, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. ஹீரோ தன் நெற்றியைக் கொண்டுபோய்ப் போட்டோவின் கண்ணாடியில் வைத்துக்கொண்டு தேம்பினார். இப்படி ஒரு ஷாட் ஒரு இயக்குநருக்கு ஆயுளில் ஒரு தடவை கிடைக்கும், சில பேருக்குக் கிடைக்கவே கிடைக்காது. அவள் முகம் கண் முன்னால் வந்தது, அந்தப் புதுச்சேரி சூப்பர்வைசர் முகம்கூட வந்தது. நான் பார்த்தேயிராத முகம் அது. இருந்தும் கேமராவை ஓடவிட்டேன். ஒரு முழு நிமிஷம். என்ன ஜென்மமோ நான்!

கட் சொன்னதும் யூனிட்டே கைதட்டியது. நான் ஆர்ட் அண்ணன் மேல் பாய்ந்தேன்.

"யாரு போட்டோணே இது?"

"மீசை வெச்ச ஆளுன்னு சொன்னீங்க சார். கேலரியில ரெண்டு மீசை இருந்திச்சு."

"ரெண்டு இருந்தா ஒரு போன் பண்ணிக் கேக்கறதுக்கென்ன?"

"போன்தான் என்கிட்ட கீதே சார். ரெண்டு பேரையும் நல்லா பாத்தேன். இவருதான் செத்தவரு மாதிரி இருந்தாரு."

நான் தலையில் அடித்துக்கொண்டு ஹீரோவிடம் ஓடி இன்னொரு டேக் கேட்டேன். "சார், இனிமே உங்க கால்ல விழுந்தாகூட எனக்கு இப்படி வராது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

போட்டோவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார் என்பது தெரிந்ததும் யூனிட்டில் ஒரே அலறல். ஆளைக் கூட்டிவந்து கேமரா முன் சிரிக்கவைத்தே ஆக வேண்டும் என்றார் மேக்கப்காரர். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவேன்? ஒரு பூசணிக்காய்க்கு மூன்று பூசணிக்காயாக உடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திருவக்கரைக்குப் போய் வக்ரகாளி முன்னால் நின்று, 'தாயே, அந்தக் கண்டக்டருக்குத் தும்மல்கூட வரக் கூடாது' என்று வேண்டிக்கொண்டேன். தினமும் காலையில் அவளுக்கு முதல் மெசேஜ், 'அப்பா எப்படி இருக்கார்?' என்பதுதான். ராத்திரி கொஞ்சம் இருமினார் என்று பதில் வந்தால் போதும், 'டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போ, உடனே போ' என்பேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். 'எங்கப்பா மேல இவ்ளோ பாசமா உங்களுக்கு?' என்று கேட்டு அவள் அனுப்பிய இதயக் குறிகளைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல தைரியம் வரவில்லை.

கம்ப்யூட்டரில் முகத்தை மாற்றப் பார்த்தோம். இல்லாத அப்பாவைக் கொண்டுவந்து ஒட்டினால், ஹீரோ நெற்றியை வைக்கும்போது நெற்றி போட்டோவுக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் வந்தது. தயாரிப்பாளர் பார்த்துவிட்டு, "யோவ், அப்பாவ எழுப்பி விடறியா நீ? இருக்கறது இருக்கட்டும்யா" என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தக் கதவும் மூடியது.

ரிலீஸ் நாள் வந்தது. திண்டிவனத்தில் காலைக் காட்சி. அவள் அப்பா லீவு போட்டு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். காக்கி இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் அவள், பச்சைப் புடவையில். என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீதானா அது?" என்றார் அவர். மேலும் கீழும் பார்த்தார். "என் பஸ்ஸுல நீ ஏறினதே கெடையாது."

"ஆமாங்க சார், வேலை ஜாஸ்தி..."

"ஏறினவன் மூஞ்சி எனக்கு மறக்காது. ஏறாதவன் மூஞ்சியும் மறக்காது. பஸ்ஸு உள்ள வந்தா தூணுக்குப் பின்னாடி போறவன் நீதான்."

இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன்.

"அண்ணே, இடைவேளைக்கு முன்னாடி ஒரு நாலு நிமிஷம் வரும். அத மட்டும் எப்பிடியாவது தள்ளி விட்டுடுங்க."

"இன்னா சார் பேஜாரு இது! உங்க படத்த நீங்களே வெட்டச் சொல்றீங்க? இது ஃபிலிமு இல்ல சார், சர்வரு. கை வெச்சா மொத்தமா நின்னுடும்."

"நிக்கட்டும்ணே!"

"நின்னுச்சுன்னா சீட்டக் கிழிச்சிடுவானுங்க சார். போய் உக்காருங்க."

வந்து உட்கார்ந்தேன். நடுவில் அவர், அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். படம் தொடங்கியது. கார் பறந்தபோது தியேட்டர் இரண்டானது. அவர் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "இன்னாப்பா, லாரி மேல ஏறுது, எந்தப் போலீஸ்காரனும் கேக்கலியே?" என்றார். கேட்டுவிட்டு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றபடி டிக்கெட் பரிசோதகர் பஸ்ஸில் ஏறினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி ஒவ்வொரு சீனாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் போகட்டும், கரண்ட் போகட்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. போகவில்லை. ஹீரோ கதவைத் திறந்தான். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரை வெளிச்சம் அவர் மீசையில் ஏறி இறங்கியது.

முதலில் முன் வரிசையிலிருந்து ஒரு குரல். "டேய்! நம்ம கண்டக்டருடா!"

"அய்யய்யோ, எப்பம்மா போனாரு? முந்தாநேத்துகூட டிக்கெட்டு குடுத்தாரே!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா.

"போவலியே! அதோ பின்னாடி குந்திக்கினு கீறாரு பாரு!"

தியேட்டர் முழுக்க ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தது. திரையில் ஹீரோ நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறான், ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. விசில், கூச்சல், காகிதம் பறக்கிறது, எவனோ "கண்டக்டர் வாழ்க" என்கிறான். அவள் அப்பாவைத் தாண்டி எட்டி என்னைப் பார்த்தாள். ரெண்டு மாசமா தினமும் காலையில அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டது இதுக்குத்தானா என்று அந்தப் பார்வையிலேயே கேட்டாள். என்னால் தலை நிமிர முடியவில்லை. அவர் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் அவரைச் சுற்றிக் கூட்டம். செல்ஃபி எடுக்கிறார்கள், கை கொடுக்கிறார்கள், ஒருத்தர் மாலை வாங்கி வரவா என்று கேட்கிறார். அதற்குள் டிப்போவிலிருந்து அவருக்குப் போன். எடுத்து, "ஆங், உயிரோடதான் கீறேன், வெய்யி" என்று வைத்தார். நான் பக்கத்தில் போய், "சார்..." என்றேன். "ரெண்டாவது பாதி கீதில்ல? முழுசாப் பாக்கறேன்னு சொல்லிக்கீறேன்" என்று உள்ளே போய்விட்டார். அவளும் அவர் பின்னாலேயே போனாள்.

படம் முடிந்தது. அவர் விறுவிறுவென்று வெளியே நடந்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"போங்க" என்றாள். "நீங்களே போய் பேசுங்க. உங்களுக்காக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பொய் மட்டும் சொன்னீங்க, அவ்ளோதான்."

தியேட்டருக்கு எதிரே டீக்கடை. அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மாலை போட்டுக்கொள்ள மாட்டேன் என்ற நடிகர், இரண்டு மீசை, ஆர்ட் அண்ணன், மூன்று பூசணிக்காய், திருவக்கரை, நெற்றி போட்டோவுக்குள் போனது. சொல்லிக்கொண்டே வரும்போது அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாமா என்று தோன்றியது. அதை விட்டுவிட்டால் நான் பாவம், ஆர்ட் அண்ணன்தான் குற்றவாளி. கேட்க நன்றாக இருக்கும்.

"மானிட்டர்ல உங்க முகத்தப் பாத்துட்டேன் சார்" என்றேன். "அங்கியே கட் சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ஏன்?"

"ஷாட் நல்லா இருந்திச்சு சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம் பொண்ணா, ஷாட்டான்னு வந்திச்சு. நீ ஷாட்ட எடுத்துக்கினே."

"ஆமா சார்."

முடிந்தது, கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் அழுதானே, அது யார் கதை?" என்றார் அவர்.

"என் கதைதான் சார்."

"உங்கப்பா சாவுக்கு நீ வரலியா?"

"வந்தேன் சார். லேட்டா வந்தேன்."

"அப்ப உங்கப்பா போட்டோவையே மாட்டியிருக்கலாமே. அவருக்கு மாலை போட்டா யாரு கேக்கப் போறா?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை.

"அவருக்குப் போட்டோ இல்ல சார். ஓட்டு அட்டையில ஒண்ணு இருந்திச்சு. ஸ்டுடியோவுல குடுத்துப் பெருசு பண்ணேன், கறுப்பா ஒரு கறைதான் வந்திச்சு. கண்ணு எது, மூக்கு எதுன்னு தெரியல." எதிரே தியேட்டர் வாசலில் என் படத்துப் போஸ்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஒம்போது வருஷம் கேமரா பக்கத்துலயே நின்னேன் சார். ஊரான் மூஞ்சியெல்லாம் எடுத்தேன். எங்கப்பாவ ஒரு போட்டோ எடுக்கல."

ரோட்டில் இரண்டு பஸ் போனது. இரண்டிலும் டிரைவர் அவரைப் பார்த்து ஹாரன் அடித்தார், அவர் கவனிக்கவில்லை. டீக்கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவர் கேட்டார்.

"அந்தப் போட்டோ எங்க கீது இப்ப?"

"ஆர்ட் டிபார்ட்மென்ட் வண்டியில இருக்கும் சார். இன்னிக்கே ஒடச்சிடச் சொல்றேன்."

"ஒடைக்காத" என்றார். "மாலையக் கழட்டிட்டு உங்க வூட்ல மாட்டு. அப்பன் மூஞ்சின்னு ஒண்ணு இருக்கட்டும் வூட்ல. ஞாயித்துக்கெழம உங்கம்மாவக் கூட்டிக்கினு வா."